முதலில் இடம், பிறகு தேர்வு
பிளஸ் டூ பிள்ளைகள் எந்த நுழைவுத் தேர்வை எழுதலாம்? நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பார்வை

2025-ஆம் ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3-ஆம் தேதி தொடங்கி 25-ஆம் தேதி முடிந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர எழுதும் ‘க்யூட்’ தேர்வுக்கான விண்ணப்பம் அதே மார்ச் 1-ஆம் தேதி தொடங்கியது. 22-ஆம் தேதியோடு முடிய வேண்டியதை இரண்டு நாள் நீட்டித்து 24-ஆம் தேதி முடித்தார்கள். தமிழ்த் தாள் எழுதுவதற்கு முன்பு ஆரம்பித்த விண்ணப்பம், கடைசித் தாள் எழுதுவதற்கு முதல் நாளே முடிந்துவிட்டது. அந்த மூன்று வாரமும் நெல்லிக்குப்பத்துப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்திருக்கும்? இயற்பியல் கணக்கு போட்டுக்கொண்டிருந்திருக்கும். “பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். பரீட்சை முடிந்து பார்த்தபோது பார்க்க எதுவும் மிச்சமில்லை.

இங்கிருந்து கடலூர் பன்னிரண்டு கிலோமீட்டர் போல. அங்கிருந்து புதுச்சேரி இன்னும் 22 கிலோமீட்டர். புதுச்சேரி ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் காலாப்பட்டு. 1985-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகமான புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. கேரளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் பிள்ளைகள் ரயிலேறி வந்து படிக்கிற இடம் அது. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற நம் பிள்ளைகளில் பலருக்கு, அங்கே சேர ஒரு தேர்வு எழுத வேண்டும் என்பதே தெரியாது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது இந்த வருத்தம்தான்.

நெல்லிக்குப்பம் பெரிய ஊர் இல்லை. 1842-இலிருந்து சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். ஊரைச் சுற்றிக் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும். ஆலையை நம்பி, வயலை நம்பி, கடையை நம்பி, வளைகுடா நாட்டிலிருந்து மாதாமாதம் வரும் பணத்தை நம்பி வாழும் குடும்பங்கள். பல வீடுகளில் பிளஸ் டூ வரை வந்த முதல் தலைமுறை இதுதான். அந்த வீடுகளில் ஜனவரி மாதம் பிறந்தால் இரண்டு விதமான குரல் கேட்கும். “எல்லாத்துக்கும் போட்டு வை, ஏதாவது ஒண்ணு கிடைக்கும்” என்பார் பக்கத்து வீட்டு மாமா. “ஒண்ணும் வேண்டாம், பப்ளிக்ல மார்க் எடு, போதும்” என்பார் வகுப்பாசிரியர். இருவருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவிலும் இதே வயதுப் பிள்ளைகளுக்கு இதே போன்ற கேள்வி உண்டு. அங்கே காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1955-இலிருந்து ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்ற தேர்வுகளை நடத்துகிறது. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் படித்து மே மாதத்தில் எழுதலாம். ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பு. மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை முடித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும், கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியும் மிச்சமாகும். நியூஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கும் நம் உறவுக்காரர்கள் வீட்டில் ‘எழுதலாமா, வேண்டாமா, எத்தனை எழுதலாம்’ என்று பேசுவது இதைத்தான். சேரப்போகிற கல்லூரி அந்த மதிப்பெண்ணை ஏற்குமா என்று பார்த்துவிட்டுத்தான் விவரமறிந்தவர்கள் பணம் கட்டுகிறார்கள்.

அவர்கள் எழுதும் தேர்வு கல்லூரிப் படிப்பின் பாரத்தைக் குறைக்கிறது. நம் பிள்ளைகள் எழுதுவது கல்லூரிக்குள் நுழைவதற்கு. வேறுபாடு பெரியது. ஆனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில் எனக்கு இடம் கிடைக்கும்? கிடைத்தால் நான் போவேனா? வீட்டில் அனுப்புவார்களா? இதற்குப் பதில் இல்லாமல் கட்டுகிற விண்ணப்பக் கட்டணம் வீண். பணத்தைக்கூட விடுங்கள், அந்தத் தேர்வுக்காகச் செலவழிக்கிற பிப்ரவரி மாதம் திரும்ப வராது.

மதிப்பெண்ணே ராஜா

தமிழ்நாட்டில் பெரும்பாலான படிப்புகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் வழி. இது சும்மா வந்ததில்லை. 1978-இல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு பள்ளிப் படிப்பு பதினொன்றாம் வகுப்போடு முடிந்தது. அதற்குமேல் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. கடலூரிலோ சிதம்பரத்திலோ அந்த ஓராண்டைப் படித்தவர்கள் இன்னும் நெல்லிக்குப்பத்தில் தாத்தாக்களாக இருக்கிறார்கள். 1984-இல் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. நகரத்துப் பயிற்சி மையங்கள் செழித்தன. கிராமத்துப் பிள்ளை பின்னால் நின்றது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையின்படி 2006-இல் சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள். 2007-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. மாநில நுழைவுத் தேர்வு போனது.

அதனால்தான் இன்றைக்கும் பொறியியலுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200-க்குக் கணக்கிட்டு கட்-ஆஃப் பார்க்கிறோம். கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் சேர்வதற்கும், பண்ருட்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் பொறியியல் படிப்பதற்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். பி.யு.சி. காலத்திலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். மாநிலத்தின் வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளும் இதே வழிதான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்தில் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

இங்கே ஒரு வார்த்தை. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்த 7.5 சதவீதம் கிடையாது. கடலூர் வட்டாரத்தில் உதவிபெறும் பள்ளிகள் நிறைய. “கவர்ன்மென்ட் சம்பளம் தர்ற பள்ளிக்கூடம்தானே” என்று நம்பிக் கலந்தாய்வு வரை போய் ஏமாறும் பெற்றோர் உண்டு. உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பர் முதல் உண்டு. அது வேறு, ஒதுக்கீடு வேறு.

ஆகவே பொதுத்தேர்வு மதிப்பெண்ணை அடகு வைத்து எந்த நுழைவுத் தேர்வையும் எழுதக் கூடாது என்பது என் முதல் முடிவு. ஜேஇஇ மெயின் எழுதினாலும் என்ஐடியில் சேர பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாடத்திட்டத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வர வேண்டும். பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு 65 சதவீதம். மதிப்பெண் எங்கு போனாலும் கூடவே வருகிறது.

எழுத வேண்டியதும் எழுதத் தேவையில்லாததும்

பொறியியல் நினைப்பில் இருக்கிற பிள்ளையிடம் ஜேஇஇ எழுதச் சொல்வார்கள். 2025-இல் முதல் சுற்று ஜனவரி 22 முதல் 30 வரை நடந்தது. இரண்டாவது சுற்று ஏப்ரல் 2 முதல் 9 வரை. முதல் சுற்றுக்கு விண்ணப்பம் 2024 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஜனவரி என்றால் பள்ளியில் திருப்புதல் தேர்வு, ரெக்கார்டு நோட்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. பிளஸ் ஒன்னிலிருந்தே அதற்கென்று தயாராகாத பிள்ளை ஜனவரியில் போய் எழுதினால் மனம் சோர்ந்து திரும்புவதுதான் மிச்சம். திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்பது உண்மை. கணக்கில் உண்மையான பிடிப்பு உள்ள பிள்ளைக்கு அது நல்ல இலக்கு. மற்றவர்கள் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வை நம்பலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீட் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. 2017-இல் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, 1,200-க்கு 1,176 வாங்கிய பிள்ளை, உச்ச நீதிமன்றம் வரை போயும் மருத்துவ இடம் கிடைக்காமல் போனதும், அந்தச் செப்டம்பரில் நாம் அவரை இழந்ததும் இந்த மாவட்டங்களில் யாருக்கும் மறக்காது. நீட் விலக்கு கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றி அனுப்பிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். மாநிலம் தன் போராட்டத்தைத் தொடரட்டும்; அது நியாயமான போராட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளைக்கு இந்த ஆண்டுக்கான பதில் வேண்டும்.

என் பதில்: அரசுப் பள்ளியில் படித்து, உயிரியலில் ஆசையும் உழைப்பும் உள்ள பிள்ளை தயங்காமல் நீட் எழுத வேண்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்தான். சிதம்பரத்தில் இருக்கும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. அரசுக் கட்டணத்தில் படிக்கலாம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: புதுச்சேரி ஜிப்மர் 2019 வரை தனக்கென்று தனித் தேர்வு நடத்தியது, இப்போது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மட்டுமல்ல, அங்கே பி.எஸ்சி. நர்சிங்கும் மருத்துவம் சார்ந்த மற்றப் பட்டப்படிப்புகளும் படிக்க நீட் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். நர்ஸ் ஆக விரும்பும் நெல்லிக்குப்பத்து மாணவிக்கு ஜிப்மரைவிடப் பக்கத்தில் அத்தனை நல்ல இடம் வேறு ஏது? டாக்டர் ஆகப்போவதில்லை என்பதற்காக அவளை நீட் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.

தயவுசெய்து செய்யக் கூடாதது ஒன்று உண்டு. நிலத்தை அடமானம் வைத்து, நகையை வைத்து, ‘ரிப்பீட்டர்’ வகுப்புக்கு அனுப்புவது. ஒருமுறை எழுதி, இடத்துக்குப் பக்கத்தில் வந்த பிள்ளை தானே ஆசைப்பட்டால் இன்னொரு முறை எழுதலாம். பாதி தூரம்கூட வராத பிள்ளையை ஊர் வாய்க்குப் பயந்து ஒரு வருஷம் விடுதியில் பூட்டிவைப்பது கொடுமை.

மற்ற தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட், கட்டடக் கலைக்கு நாட்டா, ஆடை வடிவமைப்புக்கு நிஃப்ட். அந்தத் துறையில்தான் போவேன் என்று தீர்மானித்துவிட்ட பிள்ளைக்கு மட்டுமே அவை. போட்டுப் பார்க்கலாம் என்கிற தேர்வுகள் இல்லை.

க்யூட்டை ஏன் வலியுறுத்துகிறேன்

2022-இல் வந்த தேர்வு இது. தேசிய தேர்வு முகமை நடத்துகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம், 2009-இல் திருவாரூரில் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லி, ஐதராபாத் என்று மத்தியப் பல்கலைக்கழகங்கள் இதை வைத்தே பிள்ளைகளைச் சேர்க்கின்றன. தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம்.

நான் இதைச் சொல்ல முக்கியக் காரணம் பாடத்திட்டம். நீட்டிலும் ஜேஇஇயிலும் பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வரும். க்யூட்டின் பாடத் தாள்கள் பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி பாடத்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை. நம் பாடநூல்கள் 2018, 2019 ஆண்டுகளில் திருத்தி எழுதப்பட்ட பிறகு அந்தப் பாடத்துக்கு நெருக்கமாகவே இருக்கின்றன. பொதுத்தேர்வுக்குப் புத்தகத்தை வரி விடாமல் படித்த பிள்ளை, ஏப்ரலில் ஒரு மாதம் உட்கார்ந்து கொள்குறி வினாக்களைப் பழகினால் க்யூட்டை நன்றாகவே எழுதலாம். பெரிய கோச்சிங் தேவையில்லை. பொதுத்தேர்வு உழைப்பே இங்கேயும் பலன் தருகிறது. சொல்லப்போனால் இந்த ஒரு தேர்வுதான் பொதுத்தேர்வோடு சண்டை போடாத தேர்வு.

2025-இல் ஒவ்வொரு தாளிலும் 50 கேள்வி, 60 நிமிடம். எல்லாக் கேள்விக்கும் விடை அளிக்க வேண்டும். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். ‘நெகட்டிவ் மார்க்’ என்ற பேரைக் கேட்டாலே நம் பிள்ளைகள் பயந்து பாதிக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எதுவுமே தெரியாத நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால், சராசரியில் ஒன்று சரியாகும்: 5 மதிப்பெண். மூன்று தவறாகும்: 3 போகும். மிச்சம் 2. நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று தெரிந்துவிட்டால் லாபம் இன்னும் கூடும். விட்டுவைத்தால் சுழியம்தான். இதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் தைரியமாக எழுதுவார்கள்.

விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இதில் இருக்கிறது. மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அகில இந்திய அளவில் நிரப்பும் 20 சதவீத இடங்களுக்கு க்யூட் மதிப்பெண்தான் அடிப்படை. கடலூர் செம்மண்டலத்திலேயே கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வேளாண் அறிவியல் படித்து அங்கே ஆராய்ச்சியாளராக வர வேண்டும் என்று ஆசைப்படுவது பேராசை இல்லையே.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். க்யூட் முடிவு தாமதமாகும். 2025-இல் பிளஸ் டூ முடிவு மே 8-ஆம் தேதி வந்தது. க்யூட் முடிவு ஜூலை 4. அதற்குள் நம் அரசு கலைக் கல்லூரிகளில் கலந்தாய்வு பெரும்பாலும் முடிந்துவிட்டது. இதற்காகக் காத்திருந்து உள்ளூர் இடத்தை இழக்க வேண்டாம். கிடைத்த கல்லூரியில் முதலில் சேருங்கள். மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் வந்தால் அப்போது மாறிக்கொள்ளலாம்.

பள்ளி முடிவதற்குள் ஐஐடி

கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே தொடுவது என்ற அமெரிக்க வழக்கத்துக்கு நம் ஊரில் நெருங்கி வருகிற ஒன்று உண்டென்றால் அது சென்னை ஐஐடியின் பி.எஸ். படிப்புதான். 2020-இல் தரவு அறிவியலில் தொடங்கினார்கள், 2023-இல் மின்னணு அமைப்பியல் சேர்ந்தது. ஜேஇஇ வேண்டாம். பிளஸ் ஒன் முடித்த பிள்ளையே தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம்: நான்கு வாரம் இணையவழிப் பாடம், வாராவாரம் பயிற்சி, பிறகு நேரில் போய் எழுதும் தேர்வு. அதில் தேறிவிட்டால் பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்துகொள்ளலாம். முழுப் பட்டத்துக்கு நான்கு வருஷம். இடையில் நிறுத்தினாலும் படித்த அளவுக்கு அடிப்படைச் சான்றிதழோ டிப்ளமாவோ பி.எஸ்சி. பட்டமோ கையில் இருக்கும். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. எனவே பகலில் கடலூரில் பி.எஸ்சி. கணிதம், மாலையில் வீட்டில் ஐஐடி பாடம் என்று ஒரு பிள்ளையால் படிக்க முடியும். வெளியூர் அனுப்ப மனமில்லாத பெற்றோரின் பெண்ணுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் எல்லாருக்கும் இல்லை. பாடம் ஆங்கிலத்தில். கணக்கில் விருப்பம் வேண்டும், தினமும் இரண்டு மணி நேரமாவது உட்காரும் பழக்கம் வேண்டும், வீட்டில் ஒரு கணினி வேண்டும். கைப்பேசியை வைத்துக்கொண்டு நிரல் எழுதிப் பழக முடியாது. தகுதித் தேர்வை பிளஸ் டூவின் இரண்டாம் பாதியில் வைத்துக்கொள்ளாமல் பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையை ஒட்டி எழுதுவது நல்லது.

பிளஸ் ஒன் என்றதும் ஒரு கவலை. 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வைத்ததே, பல பள்ளிகள் அந்தப் பாடத்தை நடத்தாமல் நேராக பிளஸ் டூ பாடத்துக்குத் தாவியதால்தான். 2025 ஆகஸ்ட் 8-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி அந்தப் பொதுத்தேர்வு இப்போது இல்லை. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய தாவல் திரும்பினால் முதலில் அடிபடுவது நீட்டும் ஜேஇஇயும் எழுதும் அரசுப் பள்ளிப் பிள்ளைதான். பிளஸ் ஒன் பாடத்தை முழுசாக நடத்துகிறார்களா என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

ஒரு சான்றிதழ்

நெல்லிக்குப்பம் கடைத்தெரு பிரவுசிங் சென்டர்களில் விண்ணப்ப நாட்களில் நடக்கிற பேச்சு இது. மஞ்சள் பையில் ஃபைலோடு அம்மா நிற்பார். பக்கத்தில் ஹால் டிக்கெட் போட்டோவோடு பிள்ளை.

“அக்கா, இது பி.சி. சர்டிபிகேட். அவங்க கேக்கறது ஓபிசி.”

“நாங்க பி.சி.தானே தம்பி, இதான் பள்ளிக்கூடத்துல எல்லாத்துக்கும் குடுத்தோம்.”

“தெரியும்கா. இது நம்ம கவர்ன்மென்ட்டுக்கு. டெல்லிக்கு வேற பேப்பர். தாசில்தார் ஆபீஸ்ல வாங்கிட்டு வரணும். இன்னைக்கு விட்டா நாலு நாள்தான் இருக்கு. ஜெனரல்னு போட்டுரட்டா?”

அம்மா பிள்ளையைப் பார்ப்பார். பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கும். பொதுப் பிரிவு என்று போட்டுவிடுவார்கள்.

அந்த ஒரு சொடுக்கில் போவது என்ன? 2025-இல் க்யூட்டுக்கு மூன்று பாடம் வரை கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,000 ரூபாய், ஓபிசிக்கு 900, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 800. நூறு ரூபாய் போனால் போகட்டும். மத்திய நிறுவனங்களில் ஓபிசிக்கு உள்ள 27 சதவீத இடஒதுக்கீடு மொத்தமாகக் கைவிட்டுப் போகிறது. பி.சி., எம்.பி.சி., பி.சி. முஸ்லிம் என்று நம் மாநிலம் பிரித்துவைத்திருக்கும் சமூகங்களில் பெரும்பாலானவை மத்தியப் பட்டியலில் ஓபிசிதான். ‘கிரீமி லேயர்’ இல்லை என்று வட்டாட்சியர் தரும் சான்றிதழ் வேண்டும், அவ்வளவே. வருஷ வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்களே என்று சிலர் விலகிவிடுகிறார்கள். அந்த எட்டு லட்சக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. ஆலையில் வேலை பார்ப்பவரும் கரும்பு போட்டவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சேர்க்கை நேரத்தில் அந்த நிதியாண்டில் வாங்கிய சான்றைக் கேட்பது வழக்கம் என்பதால் ஏப்ரலில் புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஒரு பிள்ளைக்கு எத்தனை தேர்வு என்று கேட்டால், பொதுத்தேர்வைத் தவிர ஒன்று என்பேன். மிஞ்சினால் இரண்டு. உயிரியல் பிள்ளைக்கு நீட்டும் க்யூட்டும். கணக்குப் பிள்ளைக்கு க்யூட். உண்மையான தயாரிப்பு இருந்தால் ஜேஇஇ. வணிகவியல், கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு க்யூட் மட்டும் போதும்; அவர்களை யாருமே எந்தத் தேர்வுக்கும் கூப்பிடுவதில்லை என்பதால் அவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வரலாறும் பொருளாதாரமும் படிக்க நல்ல பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. எழுத விரும்பாத பிள்ளையை விட்டுவிடுங்கள். பெரியார் கல்லூரியில் படித்துப் பெரிய பதவிக்குப் போனவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம்.

தேர்வை நினைத்துத் தூக்கம் வராமல் தவிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் 104 என்ற எண்ணுக்கோ 14416 என்ற எண்ணுக்கோ அழைத்துப் பேசுங்கள். இரண்டும் கட்டணமில்லா எண்கள், தமிழிலேயே பேசலாம்.

நெல்லிக்குப்பம் வட்டாரப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விண்ணப்பத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பொதுத்தேர்வு நேரம் வரை காத்திருக்க வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பிளஸ் டூ பெற்றோரை ஒரு மாலை பள்ளிக்கு வரவழையுங்கள். ஆலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் வசதியாக ஆறு மணிக்கு வையுங்கள். எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு என்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். ஓபிசி சான்றுக்கு மனு போட வேண்டிய பிள்ளைகளின் பட்டியலை அன்றைக்கே எடுங்கள். காலாப்பட்டில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசவிடுங்கள். அந்தக் கூட்டத்தை இந்த டிசம்பரிலேயே நடத்துங்கள்.